மீன்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: இது என்ன தின்னுச்சு?

பெங்களூருக்குக் கடல் கிடையாது. அதனாலேயே இங்கே மீன் தின்கிற நம்மாட்களுக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல் உண்டு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அல்சூர் வீட்டில் எல்லோரும் கட்லாக் குழம்போடு உட்கார்ந்திருந்தபோது, கல்லூரியில் படிக்கிற அண்ணன் மகள் தட்டைப் பார்த்தபடியே, "அத்தை, ஆந்திராவுல இருந்து ஐஸ் போட்டு லாரியில வந்திருக்கு இது, எவ்வளவு டீசல் எரிஞ்சிருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள், அது வேறு கதை.

சாப்பிட்டு முடித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். லாரியில் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் தூரம் கொண்டுபோக, குத்துமதிப்பாக 100 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும். ஐஸின் எடையையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். ஆந்திராவின் பீமவரத்திலிருந்து பெங்களூர் 700 கிலோமீட்டருக்கு மேல். ஆக ஒரு கிலோ கட்லா இங்கே வந்து சேர்ந்த பயணத்துக்கு ஆகிற கார்பன் 100 கிராம் பக்கம்தான். நீங்கள் அந்த மீனை வாங்க ஸ்கூட்டரில் போய் வருகிறீர்களே, அதில் போவது இதைவிட அதிகமாக இருக்கலாம். அதே மீன் குளத்தில் வளர்ந்த மாதங்களில் அதன் பேரில் காற்றுக்குப் போனது இதைப்போல் பல மடங்கு.

அதனால், பூமி சூடாவதை மனதில் வைத்துக்கொண்டு மீன் வாங்க நினைப்பவர்கள் "எங்கே இருந்து வந்துச்சு" என்பதைக் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம். "என்ன தின்னுச்சு" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். (விமானத்தில் வருகிற மீன் மட்டும் விதிவிலக்கு, அதற்குப் பிறகு வருகிறேன்.)

குளத்துக்குள் நடப்பது

மார்க்கெட்டுக்குப் போவதற்கு முன் இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதல் செலவு தீவனம். சோயா, தவிடு, புண்ணாக்கு, மீன் தூள் இதையெல்லாம் விளைவித்து, அரைத்து, மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். 2021-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, தீவனம் போட்டு வளர்க்கிற மீன் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு மொத்த வெளியீட்டில் 70 சதவீதத்துக்கு மேல் தீவனக் கணக்கில்தான் விழுகிறது என்று சொன்னது. பிரேசிலில் காட்டை அழித்து விளைந்த சோயா என்றால் இன்னும் மோசம். மீன் தூள் வேறு ஒரு வேடிக்கை: மங்களூர், உடுப்பிக் கரைகளில் மத்தி போன்ற சின்ன மீன்களைக் கொதிக்க வைத்து, பிழிந்து, காயவைத்துத் தூளாக்குகிற ஆலைகள் இருக்கின்றன. நாம் அப்படியே குழம்பு வைத்துத் தின்னக்கூடிய மீன், இன்னொரு மீனுக்குத் தீனியாகப் போய், பிறகு அந்த மீனாக நம்மிடம் வருகிறது. நடுவில் கொஞ்சம் காணாமலும் போகிறது.

இரண்டாவது, குளத்தின் அடிச்சேறு. தின்னாமல் மிஞ்சிய தீவனமும் மீனின் கழிவும் கீழே போய்த் தங்கும். அங்கே ஆக்சிஜன் கிடையாது, அழுகும்போது மீத்தேன் கிளம்பும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 27 மடங்கு சூடேற்றும். கழிவில் இருக்கிற நைட்ரஜனில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறும், அது 270 மடங்குக்கும் மேல். விவசாயி தீவனத்தை அளந்து போட்டால் இது குறையும். ஆந்திராவில் துளை போட்ட சாக்குப் பைகளில் தவிட்டை நிரப்பிக் கழிகளில் கட்டித் தொங்கவிடுவார்கள், மீன் வந்து உறிஞ்சித் தின்னும். அள்ளி வீசுவதைவிட இது எவ்வளவோ மேல். அறுவடை முடிந்ததும் குளத்தைக் காயவிட்டுச் சேற்றை எடுப்பதும் உதவும்.

மூன்றாவது கரண்ட். குளத்தில் மீன் நெருக்கமாக இருந்தால், தண்ணீரில் காற்றைக் கலக்கிற ஏரேட்டர் ஓட வேண்டும். கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர்.

நான்காவது, அந்தக் குளம் வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பது. அலையாத்திக் காடா, நெல் வயலா, சதுப்பு ஏரியா? அலையாத்திச் சேற்றில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கார்பன் புதைந்து கிடக்கிறது. அதைத் தோண்டிக் குட்டை வெட்டினால் அது அத்தனையும் மெல்ல மேலே வந்துவிடும்.

பயப்படவும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்து மீன் வளர்ப்பு முழுவதும் சேர்ந்து மனிதர்கள் வெளியிடுகிற வாயுக்களில் அரை சதவீதம் அளவுதான். ஆட்டுக்கறியோடு ஒப்பிட்டால் குளத்து மீன் சாது. ஆனால் 2022-இல் உலகத்தில் பிடித்த மீனைவிட வளர்த்த மீன் அதிகம் என்ற நிலை முதல் தடவையாக வந்துவிட்டது. வளர்ப்பில் சீனாவுக்கு அடுத்தது நாம்தான், நம் நாட்டுக்குள் ஆந்திராதான் முதலிடம். எப்படி வளர்க்கிறோம் என்பது இனிமேல் சின்ன விஷயம் இல்லை.

கடைக்குப் போய்

சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்குகிறவரிடம் முதல் தடவை "இது என்ன தின்னுச்சு?" என்று கேட்டபோது, "அக்கா, நானே இன்னும் நாஷ்டா பண்ணல" என்றார். கேள்வியை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது "ஆந்திராக் குளமா, டேம் மீனா, கடலா?" என்று கேட்கிறேன். இதற்கு எந்த மீன்காரரிடமும் பதில் இருக்கும், பெரும்பாலும் உண்மையான பதிலே வரும், ஏனென்றால் விலையே அதை வைத்துத்தான். மடிவாளா, கே.ஆர். மார்க்கெட், எங்கே கேட்டாலும் இது செல்லும்.

டேம் மீன் என்று சொன்னால், அது ஏதாவது பெரிய ஏரியிலோ அணையிலோ குஞ்சு விட்டுப் பிடித்த கெண்டை வகையாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அரசு மீன்துறையோ குத்தகைதாரரோ குஞ்சுகளை விட்டுவிடுவார்கள், தீவனம் கிடையாது, ஏரேட்டர் கிடையாது, தண்ணீரில் இருக்கிற பாசியையும் நுண்ணுயிரையும் தின்று அது பாட்டுக்கு வளரும். கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போகிறவர்கள் அங்கேயே பொரித்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், நாங்களும்தான். பெங்களூர் ஊருக்குள்ளே இருக்கிற ஏரி மீன் மட்டும் வேண்டாம். காரணம் சாக்கடை. அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் மீன்கள் செத்து மிதந்ததை எங்கள் தெருக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆந்திராக் குளம் என்றால் கட்லா, ரோகு, மிர்கால். இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு, "அய்ய, ஆந்திரா மீனா" என்பார்கள். எனக்கும் இருந்தது. ஆனால் இந்த மூன்றையும் ஒரே குளத்தில் விடுவதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது: கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் தரையில். ஒன்று விட்டதை இன்னொன்று தின்னும். கொடுக்கிற தீனியும் பெரும்பாலும் எண்ணெய் எடுத்த தவிடு, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு என்று ஆலைகளில் மிஞ்சுகிற பொருள்கள்தான், மீன் தூள் அதிகம் தேவைப்படாத மீன்கள் இவை. புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் கிடைத்தால் இன்னும் நல்லது, முன்னது புல் தின்னும், பின்னது தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்னும். ஆனால் ஆந்திராக் குளங்கள் எல்லாமே புனிதம் என்று சொல்ல மாட்டேன். கொல்லேறு ஏரியை ஆக்கிரமித்து வெட்டிய குளங்களின் கரைகளை 2006-இல் அரசே வெடி வைத்துத் தகர்க்க வேண்டி வந்தது.

பாசா என்று வெள்ளையாக, முள்ளில்லாமல், உறையவைத்து விற்கிறார்களே, அது பங்காசியஸ் என்கிற கெளுத்தி வகை. நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக்கூடிய மீன், அதனால் ஏரேட்டர் செலவு குறைவு. தீவனமும் நன்றாகவே உடம்பில் ஒட்டும். குறை எங்கே என்றால், தோலும் தலையும் முள்ளும் போய் அந்த வெள்ளைத் துண்டாகக் கிடைப்பது முழு மீனில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். அப்புறம் மாதக்கணக்கில் ஃப்ரீசர். ருசியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

தொட்டியில் உயிரோடு நெளிகிற பெரிய கறுப்பு ஆப்பிரிக்கக் கெளுத்தியை வாங்காதீர்கள். அதை வளர்க்க இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே தடை. ரகசியமாக வளர்க்கிறவர்கள் கோழிக்கடைக் கழிவைக் கொட்டுவார்கள், அந்தக் குட்டையிலிருந்து கிளம்புகிற வாயுவை அளக்கக் கருவி தேவையில்லை, மூக்கே போதும்.

இப்போது என் சொந்தக் கதை. இரண்டு வருஷத்துக்கு முன், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற ஒரு கடையில் வாவல் என்று நம்பி வாங்கினேன், விலையும் வாவல் விலைதான். வறுத்த பிறகு மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது வாவல் இல்லம்மா" என்றார். அது ரூப்சந்த், தென்னமெரிக்காவிலிருந்து வந்து ஆந்திராக் குளங்களில் வளர்கிற பாக்கு மீன். மோசமான மீன் இல்லை, தாவரமும் தின்னும். ஆனால் ஏமாந்தது ஏமாந்ததுதான். கண்டுபிடிக்க வழி: வாயைத் திறந்து பாருங்கள். ரூப்சந்துக்கு மனிதப் பல் மாதிரி சதுரப் பற்கள் இருக்கும், வயிறு ஆரஞ்சு அல்லது சிவப்பாக இருக்கும், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சதை போல ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். வாவலுக்கு வாய் சின்னது, வயிற்றடித் துடுப்பே கிடையாது. வெட்டின துண்டாக வாங்கினால் இதையெல்லாம் பார்க்க முடியாது. முழு மீனாகப் பார்த்து, கண்ணெதிரில் வெட்டச் சொல்லுங்கள்.

இறால்

இங்கேதான் நான் கொஞ்சம் கறாராகப் பேசப்போகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இறால் என்றால் உயிர்.

உலகம் முழுவதுமிருந்து பண்ணைக் கணக்குகளைத் திரட்டி 2018-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு கிலோ வளர்ப்பு இறாலுக்கு, எல்லா வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிக் கணக்கிட்டால், சுமார் 27 கிலோ, வளர்ப்பு மீனுக்குச் சுமார் 14 கிலோ, கோழிக்குச் சுமார் 10 கிலோ, ஆட்டுக்குச் சுமார் 40 கிலோ என்று வந்தது. இவை உலக சராசரி. பண்ணைக்குப் பண்ணை மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும், வேறு ஆய்வுகளில் எண்கள் இறங்கியும் வருகின்றன, அதனால் எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள், வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள். இறால் கோழியைத் தாண்டி ஆட்டை நோக்கிப் போகிறது.

இன்று நமக்குக் கிடைக்கிற வளர்ப்பு இறால் பெரும்பாலும் வன்னாமை. 2009-இல்தான் இந்தியாவில் அதை வளர்க்க அனுமதி கிடைத்தது, அதற்கு முன் கறுப்பு வரி இறால். வன்னாமையை மிக நெருக்கமாக வளர்ப்பார்கள், இரவெல்லாம் துடுப்புச் சக்கரம் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும், தீவனத்தில் மீன் தூளும் சேரும். தலையும் ஓடும் போனால் கையில் மிஞ்சுவது பாதிதான். நிலத்தின் கதை இன்னும் பெரியது. தொண்ணூறுகளில் நாகப்பட்டினம், தஞ்சாவூர்க் கடலோர வயல்களில் இறால் குட்டைகள் வந்து கிணறு உப்பானதை எதிர்த்துக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பிறகு 2005-இல் சட்டம் போட்டு அனுமதி முறை கொண்டுவந்தார்கள். தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் அலையாத்திக் காடுகள் இறாலுக்காக அழிந்தது இதைவிடப் பெரிய அளவில்.

"கடல் இறால் வாங்கிவிட்டால்?" என்று கேட்பீர்கள். அடிமடி வலையை இழுக்கிற படகு குடிக்கிற டீசல் கொஞ்சநஞ்சமில்லை, கூடவே வேண்டாத மீனும் அள்ளிக்கொண்டு வரும். அதில் தப்பிக்க முடியாது. நல்ல வழி ஒன்று உண்டு, ஆனால் எப்போதும் கிடைக்காது: கேரளத்துப் பொக்காளி வயல் இறால். மழைக்காலத்தில் நெல், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதே வயலில் இறால், அறுத்த தாளே தீனி. கேரளக்காரர்கள் நடத்துகிற மீன்கடைகளில் அந்த மாதங்களில் கேட்டுப் பாருங்கள். மற்றபடி எங்கள் வீட்டில் போட்டுக்கொண்ட ஏற்பாடு, இறால் மாதம் ஒரு தடவை. அதுவும் கத்தரிக்காயோ முருங்கைக்காயோ சேர்த்து, கால் கிலோவை ஐந்து பேருக்கு நீட்டுகிற தொக்கு. முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது.

சால்மன்

இது ஒன்றுக்குத்தான் தூரம் முக்கியம். மால்களில் ஆரஞ்சு நிறத்தில் அடுக்கி வைத்திருப்பது நார்வே போன்ற நாடுகளில் கடல் கூண்டில் வளர்த்து, ஐஸில் விமானம் ஏற்றியது. சரக்கு விமானத்தில் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, குறைத்துச் சொன்னாலும் 600 கிராம் ஆகும். ஏழாயிரம் கிலோமீட்டர் என்று வையுங்கள், ஒரு கிலோ மீனுக்குப் பயணத்தில் மட்டும் 4 கிலோவுக்கு மேல். எங்கள் கட்லாவுக்கு 100 கிராம். "இந்தியன் சால்மன்" என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், அது நம் காலா மீன், நம் கடலில் பிடித்தது. ஒமேகா கொழுப்புக்காக சால்மன் தின்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மத்தியில் அது தாராளமாக இருக்கிறது, விலையைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

மத்தி, நெத்திலி, அயிலை என்று கூட்டமாகத் திரிகிற சின்ன மீன்கள் கடல் மீன்களிலேயே குறைந்த டீசலில் கரைக்கு வருபவை. இவற்றுக்கு யாரும் தீனி போடவில்லை. கல்லுமக்காயும் அப்படித்தான், வளர்த்தாலும் தீனி கிடையாது, கயிற்றில் தொங்கிக்கொண்டு கடல்நீரை வடிகட்டித் தின்னும். வளர்ப்பு வகைகளில் அதற்கு ஈடு கடற்பாசிதான்.

தம்பி ஆரம்பித்த பயோபிளாக்

சித்தப்பா மகன் கிருஷ்ணகிரிப் பக்கம் பயோபிளாக் தொட்டி (மீன் கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டே சுத்தமாக்கி, தண்ணீரை அதிகம் மாற்றாமல் வளர்க்கிற முறை) போட்டு ஜிலேபிக் கெண்டை வளர்த்தான். தண்ணீர் மிச்சம், இடம் மிச்சம், பெங்களூருக்குப் பக்கம், இதைவிடப் பசுமை உண்டா என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். தண்ணீர் மிச்சம் என்பது உண்மை. ஆனால் அந்தத் தொட்டியில் காற்றை ஊதுகிற புளோயர் 24 மணி நேரமும் ஓட வேண்டும், சில மணி நேரம் நின்றாலே மொத்த மீனும் மிதந்துவிடும்.

நீங்களும் இப்படி ஆரம்பிக்க நினைத்தால், முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு குதிரைத்திறன் புளோயர் என்றால் முக்கால் கிலோவாட், ஒரு நாளைக்கு 18 யூனிட். ஆறு மாதத்துக்கு 3,240 யூனிட். நம் நாட்டு மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 2,268 கிலோ. ஒரு டன் மீன் எடுத்தால் கிலோவுக்கு இரண்டேகால் கிலோ, காற்று ஊதியதற்கு மட்டும். அரை டன்தான் எடுத்தால் நாலரை. தீவனம் இன்னும் சேரவில்லை. தம்பி அரை டன்னைக்கூட எட்டவில்லை. கூரையில் சோலார் போட்டால் பகலில் குறையும், ராத்திரிக்கு என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். தோட்டத்தில் பண்ணைக் குட்டை இருக்கிறவர்கள் ஏக்கர் கணக்கில் பேராசைப்படாமல், கெண்டைக் குஞ்சுகளைக் குறைவாக விட்டுத் தவிடு, புண்ணாக்கு போட்டு வளர்த்தால் புளோயரே வேண்டாம். ஹெசரகட்டாவில் மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, குட்டை வெட்டுமுன் அங்கே போய்க் கேட்பது யூட்யூப் பார்ப்பதைவிடப் புத்திசாலித்தனம்.

அடுப்படியில்

கட்லா, ரோகு வாங்காததற்கு நம் வீடுகளில் சொல்கிற காரணம் இரண்டு, சேற்று வாடை, முள். வாடை குளத்துப் பாசியும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்கிற பொருளால் வருவது. புளிப்பு பட்டால் அது உடைந்துவிடும். அதனால் துண்டுகளைக் கல் உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாகத் தேய்த்து அலசுங்கள், பிறகு கெட்டியான புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கால் மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புச் சவ்வையும் விடாமல் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். முள்ளுக்கு, ஒன்றரை, இரண்டு கிலோவுக்குக் குறையாத மீனாக வாங்குவதுதான் வழி, பெரிய மீனில் முள் பெரிதாக இருக்கும், கைக்குச் சிக்கும். வால் பக்கத்துத் துண்டைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் தலை. கட்லாவுக்குத் தலை உடம்பில் பெரிய பங்கு, அதை வேண்டாம் என்று கடையிலேயே விட்டுவிட்டு வந்தால், தின்ற தீவனத்தில் அந்தப் பங்கையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். வங்காளிகள் தலையைப் பருப்பில் போட்டுச் சமைப்பார்கள். நாங்கள் இரண்டாகப் பிளந்து, செவுளை எடுத்துவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, மாங்காய் போட்டுத் தனிக் குழம்பு வைக்கிறோம். அண்ணன் மகள் இப்போது தலைக் குழம்புக்கு மட்டும் முன்கூட்டியே போன் செய்துவிட்டு வருகிறாள். ரசல் மார்க்கெட்காரரும் "அக்கா, தலை எடுத்து வெச்சிருக்கேன், ரெண்டு" என்று ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் கூப்பிட்டுவிடுகிறார்.